கை தூக்கும் சத்தம்

கை தூக்குவதற்குச் சத்தம் கிடையாது என்பது செபமாலைக்கு இந்த வயதில்தான் உறைத்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தின் கதவுக்கு இந்தப் பக்கம், சின்னப் பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றி வைக்கிற நடையில், முழங்கால் நெஞ்சில் முட்டுகிற அளவுக்குத் தணிந்த வாங்கு ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஊர்க்கூட்டம். சுவிற்சர்லாந்தின் மலையடிவாரத்து ஊர்கள் சிலவற்றில் இந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் அந்த நாட்டுப் பிரசையாக வேண்டுமென்றால் அரசாங்கம் தலையாட்டினால் மட்டும் போதாது, ஊரும் தலையாட்ட வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் கை தூக்குகிற அதே கூட்டத்தில், அதே கையை ஆளுக்கும் தூக்குவார்கள். தூக்குகிற நேரத்தில் ஆள் உள்ளே இருக்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்றா, முகத்தைப் பார்த்தால் மனம் இறுகிவிடும் என்றா, எதற்காக அந்த ஏற்பாடு என்று செபமாலைக்குத் தெரியாது. "நீங்கள் இருவரும் தயவுசெய்து சற்று நேரம் வெளியே இருங்கள்" என்று ஊர்த்தலைவி அம்மா சொன்னாள், இருவரும் எழுந்து வந்தார்கள். இருவர். அதுதான் வில்லங்கம். தனியே என்றால் பேருக்கேற்றபடி சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செபமாலை மணியை உருட்டிக்கொண்டு இருந்திருப்பார். பக்கத்தில் குகதாசன் இருந்தான். அவன் சும்மாவும் இருக்கவில்லை. பிள்ளைகள் சட்டை கொழுவுகிற கொழுக்கிகளில் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டு, பேனாக்கத்தியை எடுத்து அதன் ஆணியை முறுக்கத் தொடங்கிவிட்டான். உள்ளே இவனுடைய தலையெழுத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இவன் கொழுக்கி பூட்டுகிறான். வாயில் ஒரு சீழ்க்கை வேறு. நாளைக்குக் காலமை எந்தப் பிள்ளையாவது அந்தக் கொழுக்கியில் சட்டையைக் கொழுவும், ஆர் பூட்டியது என்று வாத்தியார் கேட்பார், குக்கி என்று சொல்லுவார்கள். இந்த ஊரில் எந்த நல்ல காரியத்தையும் இவனை முந்திக்கொண்டு ஒருவராலும் செய்ய முடியாது.

குக்கி. அந்தப் பேரை நினைத்தாலே செபமாலைக்கு நெஞ்சுக்குள் புகையும். குகதாசன் என்ற பேர் வாயில் நுழையவில்லை என்று ஊரார் அவனுக்குச் செல்லப் பேர் வைத்திருந்தார்கள். செபமாலை என்ற பேரும் அவர்கள் வாயில் நுழையாததுதான், ஆனால் அதை அவர்கள் கஷ்டப்பட்டு, எழுத்தெழுத்தாக, 'ஹெர் செ-ப-மா-லை' என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பார்கள். மரியாதை ஆருக்கு வேணும்? குகன் வந்து இறங்கிய நாளில் அவனை ரயிலடியில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தது இதே செபமாலைதான். கால் சப்பாத்துக்குள் பனி போய்விட்டதென்று அழாக்குறையாக நின்றான். அலுவலகத்தில் அவனுக்காக மொழிபெயர்த்தது, தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தது, இது உப்பு இது சீனி என்று கடையில் காட்டிக் கொடுத்தது எல்லாம் செபமாலை. இப்போது அவன் ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறான். விடிய முன்னம் எழும்பி ஒவ்வொரு வீட்டு வாசலையும் திறந்துவிடுகிறான், ஆகவே ஒவ்வொரு வீடும் அவனுக்குத் திறக்கிறது. தீயணைக்கும் தொண்டர் படையில் இருக்கிறான். சனிக்கிழமை சாப்பாட்டுக் கடையில் கிழவர்களோடு சீட்டுக் கடதாசி விளையாடித் தோற்று, தோற்ற பிறகு மேசையில் அடித்துச் சிரிக்கிறான். செபமாலை முதியோர் இல்லத்துக் குசினியில் கிழங்கு உரிக்கிறார். அவரை நன்றாக அறிந்தவர்கள் எல்லாரும் கொஞ்சக் காலத்தில் செத்துப்போய்விடுகிறார்கள், சாட்சிக்கு ஆள் மிஞ்சுவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பேச்சைத்தான் பொறுக்க முடியாது. இந்த ஊருக்கென்று ஒரு பேச்சு உண்டு, தொண்டைக்குள் கல் உருட்டுகிற மாதிரி. புத்தகத்தில் இருக்கிற டொச், அதாவது ஜெர்மன், வேறு, இது வேறு. செபமாலை புத்தக டொச்சை இலக்கணம் பிசகாமல் படித்தார், இரவு வகுப்புக்குப் போய், சான்றிதழை நிலைக்கண்ணாடிக்கு மேலே மாட்டி வைத்தார். குகன் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. கடதாசி விளையாடிக்கொண்டே ஊர்ப் பேச்சைப் பிடித்துவிட்டான். ஊரார் அவனோடு படபடவென்று தங்கள் பேச்சில் கதைப்பார்கள், பக்கத்தில் நிற்கிற செபமாலை பக்கம் திரும்பியதும் அவர்கள் நாக்கு தானாகவே மெதுவாகிவிடும், சொற்கள் நிமிர்ந்து நின்றுவிடும், சுகமில்லாத பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் புத்தக டொச்சில் ஊட்டுவார்கள். அவர்கள் கதைப்பது அவருக்கு விளங்கும். விளங்கும் என்பது அவர்களுக்குத்தான் விளங்காது. பத்துக் கட்டளையில் கடைசிக் கட்டளை பிறர் பொருளின்மேல் கண் வைப்பதைப் பற்றியது. செல்லப் பேர் ஒரு பொருளா, பேச்சு ஒரு பொருளா என்று ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தார். கேட்கவில்லை. கேட்டால் சுவாமி ஆரைப் பற்றி என்று ஊகித்துவிடுவார். சுவாமிக்கும் குகனை நல்ல விருப்பம்.

சுவாமி மலையாளி. அது வேறு கதை. இந்த ஊர்க் கோயிலில் பூசை வைப்பது கேரளத்துச் சுவாமி, ஓர்கன் வாசிப்பது போலந்துக்காரி, பூசைக்கு முன்னம் மெழுகுதிரி கொளுத்தி, மணி அடித்து, பூசைக்குப் பிறகு வாங்குகளுக்கிடையில் கிடக்கிற கைக்குட்டைகளைப் பொறுக்குவது குருநகரில் பிறந்த செபமாலை. ஊர்க்காரர் என்று பார்த்தால் முன் வாங்கில் நாலைந்து கிழவிகள். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் விரல் நுனியை மட்டும் நீட்டுவார்கள், விரல் நுனியும் குளிரும். ஆனால் பேருந்துத் தரிப்பிடத்தில், போன தேர்தலுக்கு ஒட்டிய சுவரொட்டி ஒன்று இன்னும் முழுதாகக் கிழியாமல் இருந்தது: 'நாங்கள் ஒரு கிறிஸ்தவ நாடு, அப்படியே இருப்போம்.' சிலுவை ஒன்று, பின்னால் மலை, மலைக்குப் பின்னால் சூரியன். குகன் அதைப் பார்த்துச் சிரித்தான். செபமாலை சிரிக்கவில்லை. அவருக்கு அந்தச் சுவரொட்டி பிடித்திருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் பிடித்திருந்தது. வெளிநாட்டுக்காரரை வெளியே வைக்கத்தான் அதை ஒட்டினார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் காலமை பேருந்துக்கு நிற்கும்போது அதைப் பார்த்தால், இந்தக் கதவின் பூட்டுக்கு என்னிடம் ஒரு திறப்பு இருக்கிறது, குகனிடம் இல்லாத திறப்பு, என்று ஒரு சூடு வயிற்றுக்குள் பரவும். கோப்பி குடித்த மாதிரி இருக்கும். அதை ஒட்டிய கட்சிக்கு ஊரில் பெரிய தலை ஹெர் பௌமன், மரம் விற்கிற மரக்காலைக்காரர். அவரைக் கோயிலுக்குள் கண்டது கிறிஸ்மஸ் இரவிலும் அவருடைய மாமியாரின் செத்தவீட்டிலும். கோயிலுக்கு வராதவர்களே நாட்டைக் கிறிஸ்தவ நாடென்று சொல்லுகிறார்களே, அப்படியென்றால் ஞாயிறு தவறாமல் வருகிற நான் எவ்வளவு பெரிய நாட்டுக்காரன் என்று செபமாலை கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு எங்கேயோ பிசகியது. விண்ணப்பத்தை விசாரித்த ஊர்க்குழு அவரிடம் ஆறுகளின் பேரைக் கேட்டது, சொன்னார். மலைகளைக் கேட்டது, சொன்னார். எந்தெந்தச் சங்கங்களில் இருக்கிறீர்கள், ஊராரோடு எங்கே பழகுகிறீர்கள் என்று கேட்டது. "கோயிலில்" என்றார், பெருமையாக. குழுவில் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, பாவம், நல்ல மனுசி, "வேறு எங்காவது?" என்று மெதுவாகக் கேட்டாள். வேறு எங்காவது! குருநகரில் ஒருவனை நல்லவனா என்று அறிய, கோயிலுக்கு வாறவனோ என்று கேட்பார்கள். இங்கே கோயிலில் இருந்தால் உன்னை ஒருவரும் கண்டதில்லை என்று ஆகிவிடுகிறது. குகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். கேட்ட மூவரில் ஒருவர் அவனோடு கடதாசி விளையாடுகிறவர்.

"என்ன அண்ணை, முகம் கறுத்துப்போச்சு?" குகன் கொழுக்கியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினான். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. உங்களுக்குக் கிடைக்காட்டி பிறகு ஆருக்குக் கிடைக்கப்போகுது?" செபமாலை, "ஓமோம்" என்றார். குகன் திரும்பியபோது நடை விளக்கு அவன் நெற்றியில் பட்டது, இடது புருவத்துக்கு மேலே, துடைத்தும் துடைபடாத ஒரு வெள்ளைக் கீறல். திருநீறு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நகரத்து முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறான், வண்டிக்குள் கண்ணாடியைப் பார்த்துத் துடைத்திருப்பான், அவசரத்தில் மிச்சம் நின்றுவிட்டது. கூட்டம் தொடங்க முன்னமே செபமாலை அதைக் கண்டுவிட்டார். 'நெத்தியைத் துடையும்' என்று இரண்டு சொல் சொல்ல எவ்வளவு நேரம்? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னிடமே கேட்டார், மறந்துவிட்டேன் என்று தனக்கே பொய் சொன்னார். பிறகுதான் பௌமன் வந்தார். மண்டப வாசலில், கையில் கோப்பிக் கோப்பையோடு, அந்தப் பெரிய உடம்பை வளைத்து, புத்தக டொச்சில், "ஹெர் செபமாலை, உங்கள் நண்பரின் நெற்றியில் இருப்பது சாம்பல் புதனின் சாம்பலா? நவம்பரிலா?" என்று கேட்டு, தன் பகிடிக்குத் தானே சிரித்தார். சாம்பலைப் பற்றி இந்த ஊரில் செபமாலைக்கு மேலே ஆருக்குத் தெரியும்? போன வருஷத்துக் குருத்தோலையைக் கோயிலுக்குப் பின்னால் பழைய வாளியில் போட்டு எரித்து, அரித்து, சுவாமியின் கையில் கொடுக்கிறவரே அவர்தான். அவர் நெற்றியிலும் வருஷத்தில் ஒரு நாள் சாம்பல் நிற்கும். ஓம், அந்த மாதிரி ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அவனையே கேளுங்கோ என்று சொல்லியிருக்கலாம். பகிடிக்குச் சிரித்துவிட்டுச் சும்மா விட்டிருக்கலாம். "இல்லை, ஹெர் பௌமன். அது எங்களுடையது அல்ல. நகரத்தில் அவர்களுக்கு ஒரு கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் போவார்கள், இன்றைக்கும் போய்விட்டுத்தான் வந்திருக்கிறான். நாங்கள் வேறு." இலக்கணம் ஒரு இடமும் பிசகவில்லை. பௌமன் "அப்படியா" என்றார். பிறகு, அதைத்தான் செபமாலை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு பௌமன் அவருடைய தோளில் கையை வைத்தார். விரல் நுனி இல்லை. முழுக் கை, சூடாக, பாரமாக. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து செபமாலையின் தோளில் ஒருவரும் கை வைத்ததில்லை. குகனின் தோள் என்றால் அது ஊராரின் கை வைக்கிற இடம்.

நாங்கள் வேறு. பிழையான கதை ஒன்றும் இல்லையே. உண்மைதானே. அவன் சைவம், நான் வேதம், ஊரில் இருக்கும்போதும் வேறுதான், அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே சந்தையில் மீன் வாங்கினாலும் வேறுதான். ஆனால் 'நாங்கள்' என்று சொன்னபோது செபமாலை ஆரையெல்லாம் அதற்குள் சேர்த்தார்? தன்னையும் பௌமனையும். பௌமன் அதைக் கேட்டுத் தலையாட்டினார், ஆகவே பௌமனும் சேர்த்துக்கொண்டார். அது இனித்தது. இனித்த இடத்திலேயே ஒரு முள்ளும் குத்தியது, கெளிற்று மீன் முள், மற்ற எந்த முள்ளைப் போலவும் இல்லாமல் கடுக்கிற முள். மனுசன் சும்மா கேட்டார், நான் சும்மா சொன்னேன், அதனால் ஆருக்கு என்ன? குகனுக்கு எப்படியும் கிடைக்கும். அவனுடைய பெண்சாதி வத்சலாவுக்கும் பிள்ளைகளுக்கும் முன்னமே கிடைத்துவிட்டது. எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்களாம். அவன் மட்டும் வேகமாக வண்டி ஓடிப் பிடிபட்டதால் பிந்திப்போனான். வத்சலா இப்போது உள்ளே, ஊராரோடு ஊராளாக, தூக்குவதற்குத் தனக்கென்று ஒரு கையோடு உட்கார்ந்திருக்கிறாள். செபமாலைக்குக் கை தூக்க உள்ளே ஆர் இருக்கிறார்கள்? அவர் கலியாணம் முடிக்கவில்லை. தங்கச்சிமார் இருவரையும் கரைசேர்த்து முடித்தபோது அவருடைய தலையில் மயிர் முடிந்திருந்தது. மிஞ்சியிருக்கிறது குருநகரில் மத்தலேனா அக்கா. அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்த கை அது. இப்போது அக்காவுக்குப் பார்வை மங்கி, தொலைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "யாகப்பர் கோயில் பெருநாளுக்கு வருவியோடா?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். "இந்த வருஷம் ஏலாது அக்கா, அடுத்த வருஷம்." அவரிடம் இருப்பது அகதிக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். உலகத்தில் எந்த நாட்டுக்கும் அதை வைத்துக்கொண்டு போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. குருநகருக்குப் போக வேண்டுமென்றால் முதலில் இந்த ஊர்க்காரனாக வேண்டும். இதை அக்காவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்து ஒரு நாள் தோற்றுப்போனார். "அப்ப நீ அங்கத்தை ஆளானாப் பிறகுதான் எங்கட ஆளா வருவியோ?" என்று கேட்டாள் அவள். போன கிழமை தொலைபேசியில் அவள் பெருநாளைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குகனுக்கு அங்கே ஆர் இருக்கிறார்கள்? ஒருவருமில்லை. தாயையும் தகப்பனையும் கூப்பிட்டு இங்கேயே வைத்திருக்கிறான். சிவப்புப் பாஸ்போட்டை வைத்து அவன் என்ன செய்யப்போகிறான்? இத்தாலிக்குப் போய்க் கடலில் குளிப்பான்.

ஆண்டவரே, எனக்குத் தாரும் என்று தொடங்கினார் செபமாலை, பைக்குள் இருந்த மணியைப் பிடித்துக்கொண்டு. அவனுக்கும் தாரும் என்று சேர்க்க வேண்டும், வேதக்காரன் என்றால் சேர்க்கத்தான் வேண்டும். அவனுக்கும் தாரும், ஆனால் எனக்குத் தந்த பிறகு. எனக்குக் கொஞ்சம் பெரிதாகத் தட்டச் சொல்லும். இல்லை, அது சரியில்லை. எனக்கு இல்லையென்றால் அவனுக்கும் வேண்டாம், அதுதானே நீதி. பிந்தி வந்தவனுக்கும் அதே கூலி கொடுத்த தோட்டக்காரனின் உவமையைச் சுவாமி வாசிக்கிற ஒவ்வொரு வருஷமும் செபமாலைக்குக் காலமையிலிருந்து உழைத்தவர்கள் பக்கமே மனம் சாயும், சுவாமியின் விளக்கம் ஒரு நாளும் அவருக்கு ருசித்ததில்லை. உள்ளே கதிரை ஒன்று இழுபட்டது. ஆரோ எழும்பி நின்று கதைக்கிறார்கள். கதவு தடிப்பு, சொல் விளங்கவில்லை, குரல் மட்டும் வந்தது, தொண்டைக்குள் கல் உருண்டது. பௌமனின் குரல். நீளமாகக் கதைத்தது. என்னைப் பற்றித்தான், என்று நினைத்தார் செபமாலை, எனக்காகக் கதைக்கிறார், தோளில் கை வைத்த மனுசன் வேறு எதற்கு எழும்புவார்? அடுத்த மூச்சில், இல்லை, எனக்கு எதிராக, கோயிலைத் தவிர இந்த ஆளை எங்கேயும் கண்டதில்லை என்று சொல்கிறார், என்று நினைத்தார். பெண் குரல் ஒன்று இடையில் வெட்டியது, அது வத்சலாவின் குரல் மாதிரி இருந்தது, அவள் ஊர்ப் பேச்சிலேயே கதைக்கிறாளா, அவளும் பிடித்துவிட்டாளா என்று அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது. பிறகு சத்தமில்லை. கைகள் மேலே போய்க்கொண்டிருக்கும். அல்லது போகாமல் மடியில் கிடக்கும். குகன் பேனாக்கத்தியை மடித்துப் பைக்குள் போட்டான். முதல் தடவையாக அவனுடைய சீழ்க்கை நின்றிருந்தது. "அண்ணை, வெளியில வந்தா முதல் வேலையா அக்காட்டைப் போக ரிக்கற் போடுவம்" என்றான். "யாகப்பர் பெருநாளுக்கு நானும் வாறன். நான் கண்டதில்லை." யாகப்பரும் இவனுக்கு வேணுமாம். செபமாலை கண்ணை மூடிக்கொண்டார். மணியில் விரல் நின்ற இடத்தில், எந்தச் செபத்திலும் இல்லாத ஒரு வரி, அவர் கூட்டாமல் தானாக வந்து நின்றது. எனக்கு மட்டும். ஆண்டவரே, எனக்கு மட்டும்.

கதவு திறந்தது. எழுதுவினைஞர் பெண் தலையை நீட்டி இருவரையும் கூப்பிட்டாள், ஒருவரின் முகத்தையும் பார்க்காமல். மண்டபத்துக்குள் ஈரச் சட்டை மணமும் கோப்பி மணமும் அடித்தன. பந்து போடுகிற வளையத்துக்குக் கீழே ஊர்த்தலைவி நின்றாள், கையிலிருந்த கடதாசியை மேசையில் வைத்துவிட்டாள். "ஹெர் செபமாலை, ஊர்க்கூட்டம் உங்களை ஏற்றுக்கொள்கிறது, வாழ்த்துகள்." முதலில் கேட்ட கைதட்டல் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. குகன். அவன்தான் தொடங்கினான், தலைக்கு மேலே கையை உயர்த்தி, நெருப்பணைத்து வந்தவர்களுக்குத் தட்டுகிற மாதிரி. பிறகுதான் கூட்டம் தட்டியது, நன்றாகத்தான் தட்டியது. செபமாலைக்குக் கண் கலங்கியது. அக்கா, வாறன் அக்கா என்று உள்ளுக்குள் கத்தினார். அவருக்குக் கதிரைகள் தெரியவில்லை, மலை தெரியவில்லை, குருநகர்க் கடற்கரையில் காய்கிற வலை தெரிந்தது. அதற்குள் ஊர்த்தலைவி தொடங்கிவிட்டாள். "ஹெர் குகதாசன்..." என்று சொல்லி நிறுத்தினாள். குக்கி என்று கூப்பிடுகிறவள்தான் அவளும். இன்றைக்கு முழுப் பேரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது, சில விடயங்களை மேலும் விசாரிக்க வேண்டும் என்று கருதப்படுகிறது, உங்களுடைய விண்ணப்பம் அடுத்த வருஷக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது, கொஞ்சக் கைகள்தான் வித்தியாசம். முழுவதையும் புத்தக டொச்சில் சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மருந்து ஊட்டுகிற மாதிரி. குகனோடு கடதாசி விளையாடுகிறவர்கள் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குகன் தலையாட்டினான். தட்டின கைகள் இரண்டும் அவனுக்கு முன்னால் இன்னும் ஒட்டியபடி இருந்தன, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல நின்றான்.

கூட்டம் கலைந்து, வைனும் பாற்கட்டியும் வைத்த மேசைப் பக்கம் எல்லாரும் போனபோது பௌமன் வந்தார். வந்து, செபமாலையின் தோளில் கையைப் போட்டு, படபடவென்று, தொண்டைக்குள் கல் உருள, ஊர்ப் பேச்சில் கதைத்தார். இத்தனை வருஷம் காத்திருந்த பேச்சு. ஒரு சொல்லும் நிமிர்ந்து நிற்கவில்லை, ஒரு சொல்லும் மெதுவாகவில்லை. செபமாலைக்கு எல்லாம் விளங்கியது. பதிலுக்கு நாக்கு எழும்பவில்லை. அவர் முழிப்பதைக் கண்டு குகன் பழக்கதோஷத்தில் குனிந்து காதுக்குள் சொன்னான்: "இனி நீங்கள் எங்கட ஆள் எண்டு சொல்லுறார், அண்ணை." அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். வெளியே சட்டை எடுக்க வந்தபோது கதவுக் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு நின்றான். விரலில் எச்சில் தொட்டு நெற்றியைத் துடைத்தான். "அட, இது இருந்திட்டுது பாருங்கோ. நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றான், சும்மா, பகிடியாக. வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்று இருட்டுக்குள் இறங்கிப் போனான். அவன் போவதைச் செபமாலை பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதாவது பொறாமை நிற்க வேண்டாமா, கேட்டது முழுவதும் கிடைத்துவிட்டது, கேட்டபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல். நிற்கவில்லை. தோற்றுப்போய் நிற்கிறவன் தட்டினான், வென்று நிற்கிற எனக்கு ஒரு தரம் அவன் தோளில் கை வைக்க வரவில்லை, அதிலும் இவன் முந்திவிட்டான் என்று அது எரிந்தது.

வத்சலா கொழுக்கியிலிருந்து தன் சட்டையை எடுத்தாள். குகன் பூட்டின கொழுக்கி. பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவரைப் பார்க்காமல், "இவர்ர கதைதான் முதல்ல வந்தது, அண்ணை" என்றாள். "அந்தப் பௌமன் எழும்பி உங்கட பேரைச் சொல்லித்தான் சொன்னவர். அவர்ர ஊர் ஆளே சொல்லுறார், அவை வேறை எண்டு. கோயிலுக்குப் போயிட்டு நேர இஞ்ச வந்திருக்கிறான் எண்டு. நான் எழும்பிக் கதைச்சுப் பாத்தன். சரிவரேல்லை." செபமாலை, "பிள்ளை, நான்..." என்றார். அவள் கடைசிப் பொத்தானையும் போட்டாள். "இவருக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். அண்ணை அண்ணை எண்டு திரியிற மனுசன், தாங்க மாட்டார்." வெளியே வண்டியின் வெளிச்சம் திரும்பிச் சுவரில் அடித்தது. அவள் கைப்பையை எடுத்தாள். "அதுக்குப் பிறகுதான் உங்கட பேர் வந்தது. ஆர் தூக்கிறது எண்டு எல்லாரும் ஆளையாள் பாத்துக்கொண்டிருந்தவை. நான்தான் முதல்ல கை தூக்கினனான். மத்தலேனாக்கா பாத்துக்கொண்டிருக்கிறா எல்லே." அவள் படியிறங்கிப் போனாள். குகன் வண்டிக்குள் இருந்து எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டு, "வாங்கோ அண்ணை, குளிருது" என்று கூப்பிட்டான். செபமாலை படியில் நின்றார். ஒரே ஒரு கை. அந்தக் கையை மட்டும் அவள் மடியிலேயே வைத்திருந்தால், இனி உள்ள காலத்துக்கும் அவர் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.